ஒன்பது நகரங்களும் இரண்டு பூச்சரைகளும்

"அங்கை தெருவிலை நடந்து போற சனத்தின்ரை தலையிலை பன்னீர் தெளிப்பினம், சவிரிமுத்து. ஒரு சதம் வாங்காமல்!"

லோஞ்ச் குறிகட்டுவான் துறையை விட்டு நயினாதீவுப் பக்கம் திரும்பியிருந்தது. எஞ்சின் சத்தத்துக்கு மேலால் நான் கத்தினேன். பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற தொண்டைக்கு அதெல்லாம் ஒரு வேலையா?

பன்னீர் என்றது கொஞ்சம் கூடத்தான். கடை வாசல்களில் கட்டியிருந்த குழாய்களிலிருந்து வெறும் தண்ணீர்தான் புகை போல வந்தது. வெறும் தண்ணீரைச் சொல்லவா கலிபோர்னியா வரைக்கும் போய் வந்தேன்?

"பாலைவனம் எண்டீர், பிறகு பன்னீர் எண்டுறீர். ஒண்டிலை நில்லும் காணும்." சுக்கானைப் பிடித்தபடி சவிரிமுத்து சிரித்தான்.

"பாலைவனந்தான். ஒன்பது நகரம், ஒண்டோடை ஒண்டு ஒட்டினபடி. வீட்டுக்கு வீடு நீச்சல்குளம். நாய்க்குத் தனிக்குளம். குளிர் நாட்டுக் கிழடுகள் எல்லாம் மாரிக்குப் பறந்து வந்து, காசு குடுத்து வெயில் காயுதுகள்."

"வெயிலுக்கோ காசு? என்ரை லோஞ்சின்ரை மேல்தட்டிலை படுக்கச் சொல்லும். பின்னேரத்துக்குள்ளை கருவாடாக்கித் தாறன்."

லோஞ்சே சிரித்தது. என் மனைவி சீதேவி மட்டும் சிரிக்கவில்லை. அர்ச்சனைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் இருந்தாள்.

அவள் அந்த நகரங்களைக் கண்டதில்லை. மகள் கோபிகா முதலில் கூப்பிட்டபோது விசா எனக்கு மட்டும்தான் கிடைத்தது. ஆறு மாதம் இருந்துவிட்டு வந்து, எங்கள் ஊர் சரவணையில் ஒரு வீடு விடாமல் ஏறிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் பாலைவனம் வளர்ந்துகொண்டே போனது.

இப்போது இரண்டு பேருக்கும் விசா வந்துவிட்டது. "வாறதெண்டால் ஒரேயடியாய் வாங்கோ. வீட்டை வித்துப்போட்டு வாங்கோ" என்கிறாள் கோபிகா. இன்றைக்கு அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு மாதமாக நான் சீதேவியிடம் "உம்மடை விருப்பம்" என்றேன். அவள் என்னிடம் "உங்கடை விருப்பம்" என்றாள். கடைசியில் விருப்பத்தை நயினாதீவுக் கோயில் அம்மாளின் தலையில் போட்டோம். பூக்கட்டிப் பார்ப்பது.

வாழையிலையில் சுற்றி நூலால் கட்டின இரண்டு சரைகள். ஒன்றுக்குள் சிவப்புப் பூ, மற்றதற்குள் வெள்ளை. சிவப்பு வந்தால் போவது, வெள்ளை வந்தால் இருப்பது. கட்டினவர் எடுக்கக்கூடாது. ஆகவே கட்டுவது என் வேலை, எடுப்பிப்பது அவள் வேலை.

நான் அம்மாளிடம் கேட்டது வெள்ளையை.

உண்மையைச் சொன்னால், அந்தச் சொர்க்கத்தில் எனக்கு ஒரு காது அகப்படவில்லை. மகளும் மருமகனும் விடிய வேலைக்குப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார். ஒரு சின்னப் புளுகைக்கூட அவிழ்த்துவிட ஆளில்லாமல் வயிறு ஊதிக் கிடந்தேன். ஊர் முழுக்கப் பன்னீர் தெளித்த வாயால் இதை எப்படிச் சீதேவியிடம் சொல்வது?

கோயிலில் ஐயர் சரைகளை அம்மாளின் பாதத்தில் வைத்துக் கற்பூரம் காட்டித் தட்டில் கொண்டுவந்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் இடுப்பில் பல் முளைக்கிற வயதில் ஒரு குழந்தை. சீதேவி தட்டை அதனிடம் நீட்டினாள். குழந்தை ஒரு சரையை எட்டிப் பிடித்து நேரே வாய்க்குக் கொண்டுபோனது. தாய் பறித்துக் கொடுத்தாள்.

சீதேவி அவிழ்த்தாள்.

சிவப்புச் செவ்வரத்தை.

குனிந்து திரும்பவும் பார்த்தேன். ஏனென்றால் காலையில் இரண்டு சரைக்குள்ளும் நான் வைத்துக் கட்டினது நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்ற நந்தியாவட்டை.

"அம்மாள் சொல்லிப்போட்டா." பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சீதேவி சொன்னாள். "வெளிக்கிடுவம்."

அடி கள்ளி! நான் சவிரிமுத்துவுக்கு நாய்க்குளம் வெட்டிக்கொண்டு நின்ற நேரம், கூடைக்குள் கிடந்த சரைகளை அவிழ்த்து, அர்ச்சனைப் பூவிலிருந்து சிவப்பை எடுத்து இரண்டிலும் வைத்துவிட்டாள்! கோபம் வரவில்லை. கை தட்டலாம் போல இருந்தது. என்னோடு இவ்வளவு காலம் குடித்தனம் நடத்தியதில் ஏதோ கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

ஆனால் கேட்க ஏலாது. கேட்டால், முதலில் உள்ளே என்ன இருந்தது என்று அவளும் கேட்பாள்.

சீதேவி உள்வீதி சுற்றப் போனாள். மற்றச் சரை தட்டில் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனேன். இரண்டாவது செவ்வரத்தையையும் கண்ணால் கண்டுவிட்டால் மனம் ஆறும்.

நூலைத் தொட்டதும் தெரிந்துவிட்டது. நான் போட்டது குருட்டு முடிச்சு. இது மாலை கட்டிப் பழகின சீதேவியின் முடிச்சு, ஒரு இழுவையில் அவிழ்ந்தது.

உள்ளே நந்தியாவட்டை.

இதையும் அவிழ்த்துப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, வெள்ளையை வெள்ளையாகவே திருப்பிக் கட்டியிருக்கிறாள். ஒன்றில் மட்டும் சிவப்பை வைத்திருக்கிறாள்.

அப்படியென்றால் அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக் கொண்டுபோனது சீதேவி இல்லை.

சுற்றி முடித்து அவள் எனக்கு முன்னால் வந்து நின்றாள். என் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"மற்றதையும் பாத்தாச்சோ?"

"ஓம்" என்றேன். கூட்டிச் சொல்ல ஒரு சொல்லும் வரவில்லை.