சிவப்பு வண்டி விஷயம்

"வண்டியை நீங்கதான் விரட்டி ஓட்டியிருக்கீங்க மேடம். எங்க இன்ஜின் மேல ஒரு குத்தமும் இல்லை."

மேனேஜர் இதை மறுபடியும் சொன்னபோது, மயக்க ஊசி போடாமல் இவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் என்ன என்று பல் டாக்டருக்குத் தோன்றியது.

வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் படிப்பு, வீடு, மாமனார் வைத்தியம் என்று எல்லாம் ஓய்ந்த பிறகு, தனக்கென்று ஆசைப்பட்டு ஐம்பது வயதில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் அது. "இந்த வயசுல உனக்கு எதுக்குடி இது?" என்று அக்கா கேட்டதையும், மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்ததையும் மீறி வாங்கியது. வீட்டுக்கும் கிளினிக்குக்கும் பூப்போலத்தான் ஓட்டினார். நேற்று மேம்பாலம் ஏறும்போது உள்ளே யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. அடுத்து கரும்புகை. அதோடு இன்ஜின் மூச்சை நிறுத்திவிட்டது.

இழுவை வண்டி வைத்து, கார் வாங்கிய ஷோரூமை ஒட்டிய சர்வீஸ் சென்டர் வரை கொண்டுவந்தால், இவர்கள் கேட்டைத் திறக்க மறுத்துவிட்டார்கள். யார் தப்பு என்று முடிவாகாமல் உள்ளே எடுத்தால், தங்கள் தப்பு என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். இழுத்து வந்தவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, காரைத் தெருவோரத்திலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். இன்று காலை முதல் டாக்டர் ஒவ்வொரு மேஜையாக அலைந்தாயிற்று. ஒருவர் சூப்பர்வைசரைக் கேளுங்கள் என்றார், சூப்பர்வைசர் மேனேஜரைக் கேளுங்கள் என்றார். மேனேஜரோ கிளிப்பிள்ளை மாதிரி ஒரே பாட்டைப் பாடினார். பொறுக்க முடியாமல் டாக்டர் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கே போன் போட்டுக் கத்தித் தீர்த்திருந்தார்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, ஏறு நெற்றி, கடுகடுவென்ற முகம்.

"அந்தச் சிவப்பு வண்டி விஷயமா வந்தேன்" என்றார்.

மேனேஜர் சட்டென்று எழுந்துவிட்டார். "வாங்க சார், அதைத்தான் பேசிக்கிட்டிருக்கோம்" என்று டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

டாக்டருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. போனில் கத்தியது வீண்போகவில்லை. பெரிய ஆளாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

அதன்பிறகு மேனேஜர் டாக்டர் பக்கம் திரும்பவே இல்லை. காலையிலிருந்து டாக்டருக்கு ஒரு வாய் தண்ணீர் தராத மனிதர், வந்தவருக்குக் காபி வரவழைத்தார். எல்லா விளக்கமும் அவருக்குத்தான். மேலதிகாரி என்றால் எப்படிக் குழைகிறார் பார் என்று டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் சும்மா இருக்கவில்லை. வண்டியைத் தான் எவ்வளவு பதமாக ஓட்டினோம் என்பதை அவரும் வந்தவரிடமே எடுத்துச் சொன்னார். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக் கழுத்து வலித்த வந்தவர், இரண்டு தடவை வாயைத் திறந்து இரண்டு தடவையும் மூடிக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்த வண்டி எப்பதான் உள்ளே போகும்?"

இன்ஜினைப் பிரித்துப் பார்த்துத்தான் யார் பொறுப்பு என்று சொல்ல முடியும், அதற்கு வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டும், ஒரு மாதம்கூட ஆகலாம் என்று மேனேஜர் இழுத்தார். கம்பெனியே புது இன்ஜின் போடுவதாக இருந்தால் இப்போதே உள்ளே எடுக்கலாம்தான், ஆனால் அதற்கு மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றும் முனகினார்.

"ஒரு மாசமா? அது வரைக்கும் அங்கேயே நிக்குமா?"

வந்தவரின் முகம் வெளிறிவிட்டது. டாக்டருக்கு மனசு இளகியது. தன் காருக்காக இவ்வளவு வருத்தப்பட்ட முதல் ஆள் இவர்தான்.

வந்தவர் காபியைத் தள்ளி வைத்தார். "இங்க பாருங்க தம்பி. உங்க போர்டுக்குப் பக்கத்துலயே உங்க புது வண்டி செத்துக் கிடக்கு. நான் வரும்போதே ரெண்டு பேர் போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாங்க. இதைப் பார்த்தா எவனாவது வண்டி வாங்க உள்ளே வருவானா? மேலிடத்துல கேட்கணும்னா இப்பவே கேளுங்க. புது இன்ஜினே போட்டுடுங்க. வண்டியை உள்ளே எடுக்காம நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கறதா இல்லை."

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனுடன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனார். யாரிடமோ கெஞ்சினார், கையை ஆட்டினார், வாசலைக் காட்டினார். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"சரின்னுட்டாங்க சார். கம்பெனி செலவுலயே புது இன்ஜின்."

அச்சடித்து வந்த தாளை அவர் வந்தவர் பக்கமே நகர்த்த, டாக்டர் வெடுக்கென்று இழுத்து, வண்டி தன் பெயரில் இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டார். வெளியே நாலைந்து பேர் சிவப்புக் காரை உள்ளே தள்ளிக்கொண்டு வருவது ஜன்னல் வழியே தெரிந்தது. டாக்டருக்கு இரண்டு நாளில் முதல் முறையாக மூச்சு சீராக வந்தது.

"உங்க வீட்டுக்காரர் வந்ததால ஆச்சு மேடம்" என்றார் மேனேஜர், ஆற்றாமையோடு.

"வீட்டுக்காரரா? இவர் உங்க ஹெட் ஆபீஸ் ஆள் இல்லையா?"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்க, வந்தவர் அலுப்போடு எழுந்தார்.

"நான் பக்கத்து வீடு. நேத்துலேருந்து அந்த வண்டி என் கேட்டை அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு சொல்லத்தான் வந்தேன், நீங்க ரெண்டு பேரும் எங்க பேச விட்டீங்க?"