நாலு கோட்டிங் கருப்பு

“முட்டாள்னு எழுது,” என்றான் அண்ணன். மாவுக்கட்டுப் போட்ட கால் தலையணைமேல் கிடந்தது. அதிகாரம் மட்டும் எழுந்து நின்றது.

“புகார்ல அப்படியெல்லாம் எழுத முடியாது. பொறுப்பற்ற நபர்னு போடறேன்,” என்றாள் தங்கை.

அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள். பட்டத்தால் வேலை வந்ததோ இல்லையோ, வீட்டுக்கே மனு எழுதும் உத்தியோகம் வந்துவிட்டது. போன மாதம் அண்ணனின் பழைய வெள்ளைக் காரைப் புரோக்கரிடம் விற்றபோது ஃபாரம் நிரப்பியதும் அவள்தான்.

இந்தப் புகார் கட்டாயம் போயாக வேண்டும். திங்கட்கிழமை அவன் ஒரு கம்பெனியில் டிரைவராகச் சேர வேண்டியவன். ‘தப்பு உன்மேல் இல்லை என்று புகாரின் நகலைக் காட்டு, எலும்பு கூடும்வரை இடத்தை வைத்திருக்கிறோம்’ என்று சொல்லியிருந்தார்கள்.

“என்ன நடந்துச்சு, சொல்லு.”

“முன்னாடி ஒரு செவப்புக் காரு. திடீர்னு பிரேக் போட்டுட்டான். லைட்டே தெரியல. பைக்கோட போய்ச் சொருகிட்டேன்.”

“ஏன் தெரியல?”

“லைட்டு மேல கருப்பு அடிச்சு வச்சிருக்கான்டி. ஸ்டைலாம். கடையில குடுக்க வக்கில்லாம, நெயில் பாலிஷ்ல தின்னர் கலந்து, சென்ட் பாட்டில்ல ஊத்தி வீட்லயே அடிச்சிருக்கான். ஒண்ணா ரெண்டா, நாலு கோட்டிங்.”

“ரோட்ல குப்புற விழுந்து கெடந்தப்ப கோட்டிங் எண்ணுனியா?”

“பாத்தாலே தெரியும். நீ எழுது.”

தங்கை தன் மொட்டை நகங்களைப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய கருப்பு நெயில் பாலிஷ் ரெண்டு பாட்டிலும் காணாமல் போய் மூன்று மாதம் ஆகிறது. தூக்கிப் போட்டது அம்மாதான் என்று ஒரு வாரம் பேசாமல்கூட இருந்தாள்.

“ஒருத்தன் உசுரு போயிருக்கும். இந்த மாதிரி ஆளையெல்லாம் உள்ள வைக்கணும்,” என்றான் அண்ணன். “அதையும் எழுது. பெத்தவங்க வளத்த லட்சணம்.”

கதவோரம் நின்ற அம்மா, “ஆமா, எந்த வீட்டுப் பிள்ளையோ,” என்றாள்.

“வண்டி நம்பர்?”

விழுந்தவனைத் தூக்கிவிட்ட பூட்டு ரிப்பேர்க்காரர் ஒரு மருந்துச் சீட்டின் பின்னால் குறித்துக் கொடுத்திருந்தார். மடித்தது மடித்தபடி அம்மாவின் பர்சில் கிடந்தது. தங்கை வாங்கிப் படித்தாள். எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தாள்.

கார் விற்ற ஃபாரத்தின் நகலையும் சீட்டையும் அவன் மாவுக்கட்டின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒரே நம்பர்.

“வாங்குனவங்க வெள்ளைக்கு மேல செவப்பு அடிச்சிருக்காங்க. பின்னாடி லைட்ட மட்டும் நீ குடுத்தபடியே விட்டுட்டாங்க.”

அண்ணன் சீட்டைத் திருப்பிப் பார்த்தான். மறுபக்கம் இருமல் மருந்தின் பெயர்தான் இருந்தது.

தங்கை பேனா மூடியை மறுபடி கழற்றினாள்.

“அந்த முட்டாள் பேர இனிஷியலோட எழுதவா, இல்லாமயாண்ணா?”