தலை குனிந்த செடி

“எமன் ஒரு தடவை கூட்டிட்டுப் போனான், சரி. ரெண்டாந்தடவை என் பொண்டாட்டிய எவனும் கிளப்ப முடியாது. மரம் அவ கையப் புடிச்சிட்டிருக்கு.”

சொல்லிவிட்டு அவர் மடக்கு நாற்காலியைக் கல்லறைக்கு அருகில் விரித்து உட்கார்ந்தார்.

குழி வெட்டும் சவேரியான் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

“விசில் ஊதியே யானையத் திருப்பி அனுப்புனவருதான நீங்க, கண்டக்டரய்யா.”

“ஒரு யானை இல்லடா, மூணு. அதுல ஒண்ணுக்கு டிக்கெட்டும் கிழிச்சேன்.”

மலைப்பாதை பஸ்ஸிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார். வாய் இன்னும் பெறவில்லை.

ஆனால் இன்றைக்கு ஃபிளாஸ்க் மூடியைத் திருக முடியவில்லை. அப்படியே கீழே வைத்தார்.

பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. புதிதாக ஒருவர் வந்தால் பழையவர் ஒருவர் எழுந்து இடம் விட வேண்டும். வரிசைப்படி. எலும்புகள் மூலையிலிருக்கும் பாழுங்கிணற்றுக்குப் போகும். எல்லாரோடும் எல்லாரும்.

இன்று பிலோமினாவின் முறை.

அவளுக்குக் கூட்டத்தில் தூக்கம் வராது. சொந்தத் தங்கை கல்யாணத்திலேயே, கடைசி பஸ் பிடித்துத் தன் பாய்க்குத் திரும்பியவள்.

கிணற்றில் என்ன செய்வாள்?

அவளைப் புதைத்த ஈரம் காயுமுன்னே அவர் நர்சரிக்குப் போனார். கல்லறை மேல் மரம் வைக்கக் கூடாது. பூச்செடி வைக்கலாம். அது பங்கின் சட்டம்.

இருப்பதிலேயே பரம சாதுவாக ஒன்றைத் தேடி எடுத்தார். தொங்கு பாட்டில்பிரஷ். இடுப்பளவு உயரம். கிளையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இதப் போயி மரம்னு சொல்லலாமா சாமி? தலையக்கூட நிமித்தத் தெரியாது, பாருங்க.”

பங்குச் சாமியார் பார்த்தார். “பாவம், அதுவும் அழுவுது” என்றார்.

அழுதது மேலே. கீழே நடந்தது வேறு.

நிற்கத் தெரியாத தண்டுக்கு முட்டுக்கம்பு கொடுத்தார். மேலாக ஊற்றும் தண்ணீருக்கு வேர் மேலேயே சோம்பிக் கிடக்கும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். எனவே அவள் நெஞ்சுக்கு நேராக ஒரு குழாயை ஆழ இறக்கினார். சொட்டுத் தண்ணீரும் அதன் வழியாகத்தான்.

வேர் தாகத்தோடு தேடிப் போகட்டும்.

பொண்டாட்டிக்குக் காப்பி ஊற்றுகிறார் என்று ஊர் பேசியது. அவர் மறுக்கவில்லை. “சர்க்கரை பத்தலேன்னு கீழேருந்து கத்துறா” என்று ஒன்றைக் கூட்டியும் விட்டார்.

பூத்து முடிந்த நுனிகளை மட்டும் நறுக்குவார். மிச்சத்தைத் தொங்க விட்டார். பூ சிவப்பு நூல் நூலாக அவள் மேல் உதிர்ந்தது. தேன்சிட்டுகள் தலைகீழாகத் தொங்கிக் குடித்தன.

செடி மதிலைத் தாண்டியபோது பங்குக்குப் புதிய சாமி வந்திருந்தார். கோயில் கட்டிய நாளிலிருந்தே அது அங்கே நிற்பதாக அவர் நினைத்துக்கொண்டார். அப்படிச் சொன்னதும் கண்டக்டர்தான்.

கோயிலில் துக்கமணி அடித்தது.

“மூணு மணிக்கு அடக்கம்யா. இந்த வேரெல்லாம் எனக்கு முருங்கைக் கொப்பு மாதிரி.” சவேரியான் கோடாலியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுக் கால்மாட்டிலிருந்து தோண்டினான்.

“முருங்கைன்னு சொல்லாத, அவளுக்குக் கோவம் வரும். முருங்கைக்கீரைன்னாலே எழுந்து போயிருவா.”

“அப்பச் சரி. நானே சொல்லி எழுப்பி விடுறேன்.”

முழங்கால் ஆழம்.

இடுப்பு ஆழம்.

தொங்கும் கிளைகள் குழியைத் திரைபோல மறைத்தன. சவேரியானின் முண்டாசு மட்டும் ஏறி இறங்கியது.

“பொட்டி மக்கிப் போச்சுய்யா.”



முண்டாசும் இறங்கி மறைந்தது. அவன் குனிந்திருக்க வேண்டும். மண்ணைக் கையால் துழாவும் சத்தம் வந்தது.

அதுவும் நின்றது.

ஒரு தேன்சிட்டு வந்து கிளையில் தொற்றியது. நான்கு நூல் சிவப்பு குழிக்குள் விழுந்தது.

கோடாலியை எடுக்க ஒரு கை மேலே வரும் என்று அவர் காத்திருந்தார். கண்ணை மூடிக்கொள்ளத் தயாராக.

கை வந்தது. கோடாலியைத் தொடவில்லை. குழியின் விளிம்பைப் பிடித்தது.

சவேரியான் ஏறி வந்தான். முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். இத்தனை வருஷத்தில் அவன் தலை இவ்வளவு நரைத்துவிட்டதை அவர் இப்போதுதான் பார்த்தார்.

அவன் மண்வெட்டியை எடுத்தான். தோண்டிய மண்ணைத் திரும்பக் குழிக்குள் தள்ள ஆரம்பித்தான்.

அவர் எழுந்தார். நாற்காலி சாய்ந்தது. கிளைகளை விலக்கி எட்டிப் பார்க்கப் போனார்.

குறுக்கே மண்வெட்டிக் காம்பு நீண்டது.

“வேணாம்யா. நீங்க பாக்க வேணாம்.”

மண்ணை மூடி, காலால் மிதிக்காமல் கையால் தட்டிவிட்டான். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கல்லறைக்கு நகர்ந்தான். அதன் சிலுவை சாய்ந்திருந்தது. பெயர் அழிந்திருந்தது.

அதில் மரம் இல்லை.

கடப்பாரை இறங்கியது.

அவர் நாற்காலியை நிமிர்த்தவில்லை. நின்றபடியே இருந்தார். ஊரெல்லாம் கூட்டிக் கூட்டிச் சொன்ன வாய் உலர்ந்து போயிருந்தது.

“சவேரி.”

“ம்.”

“நெசமாவே கையப் புடிச்சிருக்கா?”

சவேரியான் தலை நிமிரவில்லை.

“நெசந்தாங்கய்யா. வெரலுக்கு வெரல் கோத்துக்கிட்டுக் கெடக்கு. நாந்தான் நம்பல.”