பாறையும் கண்ணாடி இழையும்

பூமிக்கு அடியில், அணுக்கழிவைப் புதைக்கக் குடைந்த சுரங்கத்தில் ஒரு பாறை இருந்தது. கழிவு கக்கும் சூட்டை அது தாங்குமா என்று பார்க்க ஹீட்டர் வைத்துச் சூடேற்றினார்கள். அதன் அசைவை அளக்க, ஒளி ஓடும் கண்ணாடி இழை ஒன்றை அதன்மேல் ஒட்டினார்கள்.

"எப்படி இருக்கே?" என்று கேட்டது இழை.

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றது பாறை.

"பொய். தலைமுடி கனத்துல பாதி விரிஞ்சிருக்கே."

பாறை பதறியது. "மேலே சொல்லிடாதே! இத்தனை கோடி வருஷம் சும்மா கிடந்த எனக்கு இப்பதான் ஒரு வேலை வந்திருக்கு."

"சொல்லியாச்சு. அவ்வளவு விரியும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும். அசையாம இருந்திருந்தாதான் சந்தேகப்பட்டிருப்பாங்க."

பாறைக்குப் போன உயிர் வந்தது. "ஆமா, நான்தான் வெளியில காட்டிக்கவே இல்லையே, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீ விரிஞ்சப்போ, உன்னோட ஒட்டியிருந்த நானும்தானே இழுபட்டேன்."