பசிக்காத குழந்தை

பால் புட்டியை இட்லிக் குண்டானில் வைத்து அவித்தது கதிரேசன்தான். அவன் வீட்டில் எந்தப் புட்டியையும் அப்படித்தான் சுத்தம் செய்வார்கள். ஆனால் இது அரசு கொடுத்த புட்டி. குழந்தை குடிக்கும் ஒவ்வொரு வாய்ப் பாலையும் குழந்தைகள் நல அலுவலகத்துக்குச் சொல்லும். ஆவி பட்டதும் அது செயலிழந்துவிட்டது. நேற்று முழுவதும் அவன் மனைவி சுபாஷிணி மகளுக்குச் சங்கில்தான் பால் புகட்டினாள்.

காலையில் இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள்.

"குழந்தை நேத்து முழுக்கப் பட்டினின்னு காட்டுதும்மா," என்றார் வந்தவர்களில் ஒருவரான அதிகாரி அம்மாள். வெளியே நின்ற வண்டிக்குள் ஒரு தொட்டில் தெரிந்தது.

"இப்பத்தான் குடிச்சா மேடம். வயித்தத் தொட்டுப் பாருங்க."

"நான் தொட்டு என்னம்மா ஆகப்போகுது? புட்டி சொல்லணும்." அவர் பையிலிருந்து புதுப் புட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதுல பாதி குடிச்சிட்டா நாங்க கிளம்பிடுவோம்."

சுபாஷிணி பாலைக் கலக்கியபடி கணவனிடம் முணுமுணுத்தாள். "ஒரு நாளாவது இட்லி அவிச்சிருப்பீங்களா? புட்டிய மட்டும் அவிச்சீங்க."



ரப்பர் உதட்டில் பட்டதும் குழந்தை சிரித்தது. பிறகு வாயை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி வைத்தாள், மறுபடி திருப்பியது. புட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. உடன் வந்தவர் வண்டிக் கதவைத் திறக்கப் போனார்.

"கொஞ்ச நேரம் இருங்க மேடம், பசிக்கும்," என்றான் கதிரேசன்.

"பசிச்சா காப்பகத்துல குடுத்துக்கறோம்," என்று அதிகாரி அம்மாள் இரண்டு கைகளையும் நீட்டினார்.