'நுழையாது' என்று வந்தது

ஒவ்வொரு புதுக் கொரோனா வரும்போதும், அது யார் உடம்பின் செல்களுக்குள் நுழையும், யாருக்குள் நுழையாது என்று கணினி ஆராய்ந்து, அவரவர் போனுக்கு அனுப்பிவிடும். மேகலாவுக்கு ஏழு வருடமாக 'நுழையாது' என்றுதான் வருகிறது. அதனால் யார் படுத்தாலும் கஞ்சியோடு அறைக்குள் போகிறவள் அவள்தான். கொழுந்தனார் குடும்பம், எதிர்வீட்டு இரட்டைப் பிள்ளைகள், எல்லோரும் அவள் கையால் தேறியவர்கள். அவள் காலை நீட்டி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, கண்ணுகளா.

இந்த முறை மாமியார் படுத்தார்.

"எனக்கு ரிசல்ட்டே இன்னும் வரலை, நீயே போயிரு புள்ள" என்றான் கணவன் கதிர்வேல்.

நான்காம் நாள், டாக்டரைக் கூப்பிட அவன் போனை எடுத்தவள் அவனுடைய ரிசல்ட்டைப் பார்த்துவிட்டாள். அவனுக்கும் 'நுழையாது'.

"ஏனுங் மாமா, இது வந்து நாலு நாளாச்சுங்களே. உங்க கண்ணுக்குள்ளயும் நுழையலீங்களா?"

அவன் தலை குனிந்தான். "கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லியிருந்தா? பயமா இருந்துச்சு."

"எனக்கும் ஏழு வருசமா அதே பயந்தானுங்க."

கஞ்சிச் சொம்பை அவன் கையில் கொடுத்துவிட்டு, கூடத்திலேயே முந்தானையை விரித்துப் படுத்தாள்.

"யாரது, மேகலாவா?" என்று அறைக்குள்ளிருந்து மாமியார் கேட்டார்.

"நாந்தாம்மா" என்று கணவன் சொல்வதற்குள் அவள் தூங்கியிருந்தாள்.