இருபத்தெட்டு அங்குலம்

தையல் கூடத்தின் நடுவே காக்கித் துணி மூட்டை பிரிக்காமல் கிடக்கிறது. ராணுவச் சட்டைக்கான துணி. கொண்டுவந்த லாரிக்காரன் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். லாரியின் இன்ஜினை அவன் அணைக்கவே இல்லை. இருபது பெண்கள் மிதிகட்டையில் கால் வைத்தபடி பெரியம்மாவையே பார்க்கிறார்கள். புருஷன் போனபின் வீட்டு மூலையில் முடங்கியிருந்தவர்களை அழைத்துவந்து மெஷினில் உட்காரவைத்தவர் அவர். போர் வேண்டாம் என்று பேசி இரண்டு முறை சிறைக்குப் போனவர். இப்போது துடைத்த மூக்குக்கண்ணாடியையே மறுபடி துடைக்கிறார். "இதையும் திருப்பி அனுப்பினா கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். ஆனா நீங்க வேணாம்னா தொடமாட்டோம், பெரியம்மா" என்கிறாள் துணி வெட்டுகிறவள். "நான் சொல்லிச் செய்யவா இங்க வந்தீங்க? உங்க கை, நீங்களே முடிவு பண்ணுங்க" என்கிறார் பெரியம்மா. வெட்டுகிறவள் மூட்டையை அவிழ்த்து, உள்ளே இருந்த அளவுச் சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறாள். சாக்கட்டி பிடித்த கை துணிக்கு மேலேயே நின்றுவிடுகிறது. "மார்பு இருபத்தெட்டு அங்குலம்னு போட்டிருக்கு. முந்நூறு சட்டையும் அதேதான்." பெரியம்மாவுக்குப் புரியவில்லை. "அதனால என்ன?" "என் சின்னவன் அளவு, பெரியம்மா. எட்டாவது படிக்கிறான்." வாசலில் ஹாரன் அலறுகிறது. மிதிகட்டைகளிலிருந்து கால்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகின்றன.